விழுந்த ஆர்.சி. ஹெலிகாப்டர் பிளேடு மாற்றியும் உதறுவது ஏன்?

450 அளவு ரிமோட் ஹெலி விழுந்த பிறகு பிளேடு மட்டும் புதிதாகப் போட்டீர்கள், இன்னும் உதறுகிறது என்கிறீர்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, முதலில் ஃபெதரிங் ஷாஃப்டைக் கழற்றுங்கள். இரண்டு பிளேடு கிரிப்பையும் (பிளேடைப் பிடிக்கும் கவ்விகள்) இணைக்கும் மெல்லிய எஃகுக் கம்பி அது. வளைந்திருந்தாலும் கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால், வளைந்திருக்கும் இடத்தில் அடியில் வெளிச்சம் வந்து வந்து மறையும். நிமிர்த்த முயலவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பிளேடுகள் பொருந்தும் ஹெட்டைச் சுழற்றும் மெயின் ஷாஃப்டையும் இப்படியே உருட்டிப் பாருங்கள்.

பலர் தவறுவது, சுழலும் பிளேடு வெளியே இழுக்கும் விசையைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்கில்தான். அதன் இரண்டு வளையங்களும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், துளை மட்டும் மயிரிழை வித்தியாசப்படும். ஷாஃப்டில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென ஆடும் வளையம் ஹெட் பக்கம், சிக்கென்று பிடிக்கும் வளையம் வெளியே ஸ்குரூ பக்கம். நடுவில் கிரீஸ். மாற்றிப் போட்டால் பறக்கும்போது பிட்ச் (பிளேடின் சாய்வுக் கோணம்) மாற்ற முடியாமல் இறுகி, அதைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோ திணறும். ஹெட்டுக்குள் ஷாஃப்டைத் தாங்கும் ரப்பர் டாம்பர் நசுங்கியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கடைசியாக, ஷாஃப்ட் ஸ்குரூ மரையில் கிரீஸைத் துடைத்து நீலத் திரெட்லாக் (ஸ்குரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடுங்கள், பேரிங்கில் படாமல். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்: இந்த ஸ்குரூ கழன்றால் பிளேடு கிரிப்போடு சேர்ந்து பறக்கும். முதல் ஓட்டத்துக்கு நன்றாகத் தள்ளி நில்லுங்கள், குழந்தைகள் யாரும் அருகில் வேண்டாம்.