வெயில் தாழக் கோணேசர், காற்று எழும்புமுன் புறாத்தீவு

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து அண்ணா குடும்பமும் வவுனியாவிலிருந்து மச்சாள் குடும்பமும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எங்களோடு சேர்த்துப் பதினொரு பேர். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வருத்தம். அண்ணாவின் மகனுக்குப் பதினைந்து. மச்சாளின் கடைக்குட்டிக்கு இரண்டு. நான்கு நாள்தான் நிற்பார்கள். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், ஆனால் புறாத்தீவுக்கு ஒருநாளும் போனதில்லை. முதல் நாள் காலை கோணேசர், பிறகு கன்னியா, மத்தியானம் நிலாவெளி, பின்னேரம் புறாத்தீவு. மற்ற நாள்களில் மாபிள் பீச், திமிங்கிலம், கந்தளாய், திரியாய் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். சரிவருமா?
ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: முதல் நாள் சரிவராது, சகோதரி. பதினொரு பேர் குளித்து, சாப்பிட்டு, வானில் ஏறும்போது ஒன்பதரை ஆகிவிடும். கோணேசர் மலையில் செருப்பைக் கழற்றும்போது கல்லுச் சுடத் தொடங்கியிருக்கும். உச்சி வெயிலில் கன்னியாவின் வெந்நீரை யாரும் விரும்பி அள்ள மாட்டார்கள். ஒரு மணிக்கு நிலாவெளி மணலில் கால் வைக்க முடியாது. பின்னேரம் புறாத்தீவில் இறங்கினால், முகமூடியை மாட்டுவதற்குள் படகுக்காரர் திரும்பக் கூப்பிடுவார். நான்கு இடத்தையும் பார்த்ததாகப் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

திருகோணமலையில் ஓகஸ்ட் மாதத்து நாளை வெயிலும் காற்றுமே பிரிக்கின்றன. காலை ஆறிலிருந்து பத்து வரை ஓர் இடம், பின்னேரம் நாலரையிலிருந்து ஏழு வரை ஓர் இடம். இடையில் வீடு, சோறு, பாய். அம்மாவுக்கும் சின்னவருக்கும் அந்த மத்தியான நித்திரை கட்டாயம் வேண்டும். இந்தக் கணக்கில் நான்கு நாளைக்கு எட்டு வேளை வரும். எட்டையும் நிரப்ப வேண்டியதில்லை, ஐந்து போதும்.

திரியாயைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே மலைமேல் இருக்கும் பழைய விகாரைக்குப் படி ஏற வேண்டும், முழங்காலுக்கு ஆகாது. கந்தளாய்க்கு என்று தனியாக ஒரு நாள் வேண்டாம். அண்ணா குடும்பம் கொழும்புக்குத் திரும்பும் பாதையிலேயே குளம் இருக்கிறது, பத்து நிமிடம் இறங்கிப் பார்த்தால் போதும். கன்னியா அனுராதபுர வீதிப் பக்கம், நகரிலிருந்து எட்டு கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. மச்சாள் குடும்பம் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்குப் போகுமானால் அதுவும் வழிதான். கடைசி நாள் விடிய எல்லோரும் அங்கே கூடிக் குளித்து, அங்கிருந்தே அவர்களை வழியனுப்பலாம்.

முதல் நாள் காலை எதுவும் வைக்காதீர்கள். கனடாக்காரருக்கு இரவு பகலாகவும் பகல் இரவாகவும் இருக்கும். பின்னேரம் நாலரைக்குக் கோணேசர். கோயில் இருக்கும் கோட்டையின் வாசலிலிருந்து மேலே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிட ஏற்றம். அம்மாவை ஓட்டோவில் ஏற்றுங்கள். கூட்ட நாளென்றால் வாசலில் நிற்கும் படையினரிடம் வயதானவர் இருக்கிறார் என்று சொல்லி, எதுவரை வாகனம் போகலாம் என்று முன்னரே கேட்டுவிடுங்கள். அம்மாவின் கைப்பையில் ஒரு சோடி தடித்த காலுறை இருக்கட்டும். வெயில் தாழ்ந்த பிறகும் சீமெந்துத் தரை சூட்டை விடாது.

பதினைந்து வயதுப் பிள்ளை கோயில் என்றதும் கைத்தொலைபேசியை எடுப்பான். அவனுக்குக் கோட்டை வாசலிலேயே ஒரு வேலை கொடுங்கள்: அங்கே கல்லில் வெட்டிய இரண்டு மீன்களைத் தேடச் சொல்லுங்கள். பாண்டியரின் இரட்டைக் கயல் அது. பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்தும் உண்டு. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்ற பொருளில் போகும் பாட்டு. 1622இல் போர்த்துக்கேயர் மலைக்கோயிலை இடித்தார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் கற்களையும் சேர்த்துக் கோட்டை எழும்பியது. பையன் கை வைத்து நிற்கும் சுவரிலேயே கோயில் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், கைத்தொலைபேசி தானாகக் கீழே இறங்கும். மேலே போனதும் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம் நின்று கடலைக் காட்டி, 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் இந்தப் பாறையின் அடியில் முக்குளித்துப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். சம்பந்தர் பாடிய ‘கோணமாமலை’ என்பது அம்மா சொல்ல வேண்டிய கதை. அதை அவருக்கு விட்டுவிடுங்கள்.

சின்னவருக்குக் கோட்டைக்குள் மான்கள் போதும். ஆனால் தீனி கொடுக்கவிட வேண்டாம். கச்சான் சரையை நீட்டினால் மான் சரையோடு சேர்த்துத் தின்னும். பொலித்தீன் வயிற்றில் தங்கி மான் சாகும். கொம்பு வைத்த கலைமானுக்கும் பிள்ளைக்கும் இடையில் எப்போதும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். மான் தலையை உதறுவது சண்டைக்கென்று இல்லை, ஈயை விரட்டத்தான். அந்தக் கொம்பின் உயரத்தில்தான் இரண்டு வயதுப் பிள்ளையின் கண் இருக்கும்.

இரண்டாம் நாள் புறாத்தீவு. அது சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா எதிலும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போயா என்றால் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். தவிர அன்றைக்கு இறைச்சிக் கடையும் பூட்டு. சமையலுக்கு வேண்டியதை முதல்நாளே வாங்க வேண்டிவரும்.

ஒரு கண்டிப்பு: பதினொரு பேரும் தீவுக்குப் போகக் கூடாது. படகில் ஏற முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து, ஆடும் விளிம்பைப் பிடித்துக் காலைத் தூக்கிப் போட வேண்டும். அம்மாவால் ஏலாது. சின்னவருக்கு அளவான உயிர்காப்பு அங்கி கிடைப்பது கடினம். பெரியவரின் அங்கியைப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் பிள்ளை அதற்குள்ளால் வழுகிவிடும். ஆகவே அம்மா, சின்னவர், துணைக்கு இரண்டு பெரியவர்கள் நிலாவெளிக் கரையில் மர நிழலில் பாய் விரிக்கட்டும். மற்ற ஏழு பேரும் ஒரே படகு.

வீட்டிலிருந்து ஆறு மணிக்குப் புறப்படுங்கள். நிலாவெளி பதினைந்து கிலோமீற்றர் அளவுதான். தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர், படகில் பத்து நிமிடம். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா. டிக்கட் கொடுப்பது வனசீவராசிகள் திணைக்களம். டிக்கட் காசு வேறு, படகுக் காசு வேறு. கரையில் நடக்கும் வாய்த்தர்க்கம் பாதி இதை ஒன்றாக நினைப்பதால்தான் வருகிறது. படகுக்காரரிடம் ஆளுக்கா படகுக்கா, எத்தனை மணித்தியாலம், முகமூடி சேர்த்தா இல்லையா என்ற மூன்றையும் ஏறுமுன் கேளுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவருக்கு வெளிநாட்டார் கட்டணம்தான். அண்ணாவிடம் இலங்கை அடையாள அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். முகம் தமிழ் முகம்தானே என்று கவுண்டரில் வாதாடிப் பயனில்லை.

முகமூடியை வாங்கியதும் வாரைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. விழுந்தால் வேறு கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். நெற்றி மயிர் ஒன்று விளிம்பில் அகப்பட்டாலும் தண்ணீர் கசியும். மீசைக்காரருக்கு மேலுதட்டில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தலையை நிமிர்த்தி, மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் வெளியேறிவிடும். கண்ணாடி புகைக்காமலிருக்க உட்பக்கம் துப்பி, விரலால் தேய்த்து, கடல் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். அருவருப்புப் பட்டால் ஒன்றும் தெரியாது.

பவளப்பாறையில் நிற்கக் கூடாது. அது உயிர், மிதித்தால் சாகும். உங்கள் காலையும் கிழிக்கும். களைத்தால் மல்லாந்து மிதக்கலாம், நிற்க வேண்டுமானால் மணலில் மட்டும். கரையிலேயே உடைந்த பவளத் துண்டுகள் குவிந்து கிடப்பதால் இறுக்கமான றப்பர் சப்பாத்து நல்லது. சாதாரணச் செருப்பு அலையோடு போய்விடும். கால் கிழிந்தால் நல்ல தண்ணீரால் கழுவி உள்ளே துணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள், சிறு துண்டு தங்கினாலும் சீழ் பிடிக்கும். வெயிலுக்குக் கிறீமை அப்புவதைவிட முழுக்கைச் சட்டை மேல். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது எரிவது முதுகும் பின்கழுத்தும்தான். செட்டையில் கறுப்பு நுனி வைத்த சின்னச் சுறாக்கள் தெரிந்தால் கத்த வேண்டாம், அவை உங்களைக் கண்டு ஒதுங்கும். தீவில் கடை கிடையாது. தண்ணீர்ப் போத்தலை எண்ணிக் கொண்டுபோய் அதே எண்ணிக்கையில் திரும்பக் கொண்டு வாருங்கள். பத்துப் பதினொன்றுக்கு மேல் காற்று எழும்பினால் தண்ணீர் கலங்கும், படகும் துள்ளும். அதற்கு முன் கரைக்கு வந்துவிடுங்கள்.

கரையில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். இந்த மாதங்களில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். அலை படுத்துக் கிடக்கும். கடல் குளம் போலத் தெரியும். ஆபத்தும் அதில்தான். காற்றடைத்த வளையத்தையோ பந்தையோ தண்ணீரில் விட்டால் அது வெளியேதான் போகும், திரும்பி வராது. பிள்ளை பந்தைத் துரத்தும், பிள்ளையைத் தகப்பன் துரத்துவார். வளையத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பந்து போனால் போகட்டும் என்று முதலே எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். களப்பு கடலில் விழும் முகத்துவாரங்களுக்குக் கிட்டக் குளிக்கவே வேண்டாம், இழுவை இருக்கும்.

மூன்றாம் நாள் அம்மாவுக்கும் சின்னவருக்கும் உரியது: மாபிள் பீச். விமானப்படையின் பொறுப்பில் இருக்கிறது, டிக்கட் உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். துறைமுகக் குடாவுக்குள் ஒதுங்கிய கரை என்பதால் அலை மிகக் குறைவு. இரண்டு வயதுப் பிள்ளையை இருத்தி விளையாட இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல தண்ணீர் இல்லை. காலை எட்டு மணிக்கு அங்கே நின்றால் நிழலுள்ள இடம் கிடைக்கும். வானில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் முக்காலி போடுங்கள். வான் படி அம்மாவுக்கு உயரம், முக்காலி வைத்தால் ஆள் தூக்கி ஏற்ற வேண்டியதில்லை. கரையிலும் அவர் மணலில் குந்தாமல் அதிலேயே இருக்கலாம்.

திமிங்கிலம் பார்க்க அண்ணாவும் மகனும் மட்டும் போகட்டும். மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரைதான் அதற்குக் காலம், நீங்கள் அதன் வால் நுனியில் நிற்கிறீர்கள். காணாமல் திரும்பவும் கூடும். விடிய ஆறு மணிக்குப் படகு. வயிற்றைக் குமட்டுபவர்கள் குளிசையை ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணித்தியாலம் முன்னரே போட வேண்டும்.

கன்னியாவில் ஏழு கிணறும் ஏழு சூடு. கிணற்றுக்குள் இறங்குவதில்லை, வாளியால் அள்ளி ஊற்றுவதுதான். சவர்க்காரம் போடக் கூடாது. பிள்ளைக்கு ஊற்றுமுன் உங்கள் முழங்கையை வாளிக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை பொறுக்கும் சூட்டைக் குழந்தைத் தோல் பொறுக்காது. அம்மா பிரசர் குளிசை எடுப்பவரென்றால் இருந்தபடி குளிக்கட்டும். வெந்நீர் ஊற்றிக்கொண்டு சடாரென எழும்பினால் தலை சுற்றும், தரையும் வழுக்கும்.

வானை நான்கு நாளைக்கும் பிடிக்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாளுக்கும் கடைசி நாள் காலைக்கும் போதும், நகருக்குள் ஓட்டோ. நாள் வாடகை எத்தனை கிலோமீற்றர் வரை, அதற்கு மேல் கிலோமீற்றருக்கு எவ்வளவு, சாரதியின் சாப்பாடு யார் பொறுப்பு என்பதை முதலே பேசிவிடுங்கள்.

மாபிள் பீச்சிலிருந்து வீட்டுக்குத் திரும்புமுன் வானை எதிர்ப்பக்கம் விட்டுக் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டுங்கள். 2009இல் திறந்த பாலம், 396 மீற்றர். அதற்கு முன் அக்கரைக்குப் ‘பாதை’ என்ற மிதவைப் படகில்தான் போய் வந்தோம் என்று அம்மா பேரனுக்குச் சொல்லட்டும். அக்கரையில் எருமைத் தயிர் வாங்குங்கள். முட்டியைக் கொஞ்சம் சரித்துப் பாருங்கள்: தயிர் அசையாமல் நிற்க வேண்டும், விளிம்பில் தண்ணீர் தேங்கி மஞ்சளாகத் தெரிந்தால் வேறு முட்டி கேளுங்கள். அடியைத் தடவுங்கள், ஈரம் ஒரு கோடாக ஓடினால் வெடிப்பு. வானில் இருக்கைக்குக் கீழே வைத்தால் முதல் பள்ளத்திலேயே உடையும். வாளிக்குள் ஈரத் துவாயைச் சுற்றி முட்டியை இறுக்கி வைத்து, பின்னால் இருக்கும் பையனின் இரண்டு காலுக்கும் நடுவில் கொடுத்துவிடுங்கள்.