ஆய்வு அனுபவம் குறைவாக இருந்தால் அமெரிக்காவில் உளவியல் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா?

எம்.எஸ்சி. ஆய்வேட்டைத் தவிர வேறு ஆய்வு எதுவும் செய்யாதவர் விண்ணப்பிப்பது வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல ஆய்வகமே இல்லாத கல்லூரியில் படித்தவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கிளினிக்கல் சைக்காலஜி என்றால் பாதை கடினம்தான். ஏழெட்டு இடங்களுக்கு நூற்றுக்கணக்கானோர் போட்டியிடுவார்கள், அவர்களில் பலர் பட்டப்படிப்பு முடித்து ஓரிரு ஆண்டுகள் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். நான் விண்ணப்பித்தது சமூக உளவியலுக்கு. அங்கும் முதல் ஆண்டில் ஒன்பது பல்கலைக்கழகங்களும் கைவிரித்தன.

விண்ணப்பத்தோடு ஏன் படிக்க விரும்புகிறோம் என்று எழுதி அனுப்பும் அந்த ஒன்பது நோக்கக் கட்டுரைகளிலும் மனித மனத்தின் மீது எனக்குள்ள ஈர்ப்பைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. ஆய்வேட்டைப் பற்றி இரண்டே வரிகள். காரணம் வெட்கம். ஷெல்டன் கோஹன் குழுவினர் 1983இல் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவத்தைத் தமிழாக்கி, 112 செவிலியரிடம் நிரப்பி வாங்கியிருந்தேன். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா மிகக் குறைவாக, 0.41 வந்தது. இரவுப் பணி முடித்தவர்கள் ஏனோதானோவென்று நிரப்பியிருப்பார்கள் என்று வழிகாட்டி முடித்துவிட்டார்.

வீட்டில் சும்மா இருந்த அந்த ஆண்டில்தான், பழைய எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தபோது, பத்தில் நான்கு கேள்விகள் நேர்மறையானவை என்பதும், அவற்றின் மதிப்பெண்களை 0 என்றால் 4, 1 என்றால் 3 எனத் திருப்பிய பிறகே கூட்ட வேண்டும் என்பதும், நான் அதைச் செய்யவே இல்லை என்பதும் தெரிந்தன. திருப்பினேன், 0.78. செவிலியர்கள் கவனமாகத்தான் நிரப்பியிருந்தார்கள்.

அடுத்த ஆண்டுக் கட்டுரையை அந்தத் தவற்றிலிருந்தே தொடங்கினேன். ஜூம் நேர்காணலில் பேராசிரியர் பாதி நேரம் அதைப் பற்றியே கேட்டார். 'அழுத்தம்' என்ற சொல்லைப் பார்த்து ஒரு மூத்த செவிலியர் "பி.பி.யைக் கேக்கறீங்களா?" என்றதைச் சொன்னேன். தமிழ் வடிவத்தை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்த்தாயா என்று பேராசிரியர் கேட்டார். இல்லை என்றேன். இடம் கிடைத்தது.

இது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல வருபவர்களுக்கு: இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இம்முறை நான் பல்கலைக்கழகப் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்கவில்லை. அளவுகோல்கள் மொழி மாறும்போது என்ன ஆகிறது என்று ஆராய்பவர்களை மட்டும் தேடி, அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறார்களா என்று செப்டம்பரிலேயே மின்னஞ்சலில் கேட்டு, 'இல்லை' என்றவர்களுக்குக் கட்டணம் கட்டாமல் தப்பித்தேன். டிசம்பர் தொடக்கத்தில் பல இடங்களில் விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால் அதற்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

பரிந்துரைக் கடிதங்கள்தான் என் மாறாத மனத்தாங்கல். மூன்று பேர் எழுத வேண்டும். நம் ஊரில் "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள், அந்த மூன்றிலும் 'கடின உழைப்பாளி, நன்னடத்தை உடையவர்' என்பதைத் தவிர எதுவும் இராது. இரண்டாம் முறை நான் எழுதித்தர மறுத்து, வழிகாட்டிக்கு அந்த நான்கு கேள்விகளின் திருத்திய கணக்கை மட்டும் அனுப்பினேன். மூன்று வாரம் பதில் இல்லை. கடைசி நாளுக்கு முந்தைய இரவு கடிதத்தைப் பதிவேற்றிவிட்டார். அதில் என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது; பரிந்துரையைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக விண்ணப்பத்திலேயே குறித்துவிட்டேன்.