பிரோக்குக்கு எந்த ஃபிஷ் ஃபைண்டர்?

கேள்வி: மொரிஷியஸில் மஹேபூர் பக்கம் அப்பாவும் நானும் பிரோக் படகு வைத்து மீன் பிடிக்கிறோம். 7 மீட்டர் நீளம், ஃபைபர் உடம்பு, 40 குதிரைத்திறன் அவுட்போர்டு. லகூனுக்குள் கொஞ்ச நேரம், மற்றபடி பவளப்பாறையைத் தாண்டி 40 முதல் 120 மீட்டர் ஆழத்தில் கைத்தூண்டில். காற்று அடங்கிய நாளில் மீன் கூடுவதற்காகக் கடலில் கட்டி வைத்திருக்கும் டிசிபி மிதவை வரை போவோம். கடையில் ஒரு ஃபிஷ் ஃபைண்டரைக் காட்டினார்கள்: 9 அங்குலத் திரை, படகின் இரு பக்கமும் படம் காட்டும் சைடு இமேஜிங், "4000 வாட், 600 மீட்டர் ஆழம்" என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அப்பா இதெல்லாம் தண்டச் செலவு என்கிறார். வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: வாங்கலாம், ஆனால் அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அப்பா பேச்சுக்கு வருவோம். லகூனைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரிதான். கருவி ஒலியைக் கூம்பு வடிவத்தில் கீழே அனுப்புகிறது. 200 கிலோஹெர்ட்ஸில் அந்தக் கூம்பின் விரிவு சுமார் 12 பாகை. 2 மீட்டர் தண்ணீரில் அது தரையில் விழும் வட்டம் 40 சென்டிமீட்டர்தான். அதற்குள் எந்த மீன் வந்து நிற்கப் போகிறது? படகின் நிழல் பட்டதுமே விலகிவிடும். தெளிந்த லகூன் தண்ணீரில் அப்பாவின் கண்ணே போதும். கருவி அங்கே ஆழம் பார்க்கவும், பாறை தட்டாமல் போகவும் உதவும், அவ்வளவுதான்.

பாறைக்கு வெளியே கதை வேறு. அங்கே முதலில் கவனிக்க வேண்டியது பெட்டியில் போட்டிருக்கும் அந்த இரண்டு எண்களை. 4000 வாட் என்பது உச்சத்திலிருந்து உச்சத்துக்கு அளந்த கணக்கு. நடைமுறையில் ஒப்பிட வேண்டிய ஆர்எம்எஸ் கணக்கில் அதை எட்டால் வகுக்க வேண்டும், அப்போது 500 வாட் ஆகிவிடும். மோசமான எண் இல்லை, ஆனால் 4000 என்று படித்ததும் வரும் பிரமிப்புக்கு இடமில்லை. 600 மீட்டர் என்பது பெரும்பாலும் நன்னீர்க் கணக்காக இருக்கும். கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் இந்த அதிர்வெண்களில் ஒலியை நன்றாகவே உறிஞ்சிவிடும். அதிர்வெண் கூடக்கூட உறிஞ்சுவதும் கூடும். அதனால்தான் ஏரியில் அழகாகப் படம் காட்டும் 455, 800 கிலோஹெர்ட்ஸ் இமேஜிங் எல்லாம் கடலில் ஆழம் போகப்போக மங்கிவிடுகிறது. நீங்கள் தூண்டில் விடும் 100 மீட்டரில் சைடு இமேஜிங்குக்குக் கொடுத்த காசு சும்மா கிடக்கும்.

கடலில் 600 வாட் ஆர்எம்எஸ் கருவி ஒன்றை நல்ல டிரான்ஸ்டியூசருடன் (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம்) வைத்தால், 200 கிலோஹெர்ட்ஸில் 100, 150 மீட்டர் வரை நம்பலாம். 50 கிலோஹெர்ட்ஸில் 300 மீட்டரைத் தாண்டியும் அடிமட்டம் பிடிக்கும். உங்கள் வேலைக்கு இது தாராளம். மின்சார ரீல் போட்டு ஆழ்கடல் மீனான சாக்ரெஷியன் பிடிக்கும் எண்ணம் வந்தால் 1 கிலோவாட்டைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் கடலில் பாறைக்கு வெளியே தரை மளமளவென்று இறங்குகிறது. விளைமீனும் களவாவும், நீங்கள் கப்பித்தேன், வியேய் என்று சொல்பவை, அந்தச் சரிவை ஒட்டித்தான் நிற்கும். அகலமான ஒலிக்கற்றை, அதாவது விரிந்த கூம்பு, சரிவில் பொய் சொல்லும். காரணம் எளிது: கருவி முதலில் திரும்பி வரும் எதிரொலியைத்தான் தரை என்று எடுத்துக்கொள்கிறது. கற்றை அகலமாக இருந்தால் படகுக்கு நேர் கீழே உள்ள தரைக்கு முன்பாகவே, பக்கவாட்டில் மேட்டில் உள்ள தரை பதில் சொல்லிவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். நேர் கீழே 80 மீட்டர் ஆழம், சரிவு 30 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோஹெர்ட்ஸில் சாதாரணமாகக் கிடைக்கும் 45 பாகைக் கற்றைக்குத் தரை 70 மீட்டரிலேயே தெரியும். அதாவது உங்கள் தூண்டில் போய் நிற்கும் கடைசி 10 மீட்டரில் உள்ள மீன் அத்தனையும் தரை எதிரொலிக்குள் புதைந்துவிடும். அதே இடத்தில் 12 பாகைக் கற்றை சுமார் 76 மீட்டரைக் காட்டும்; மறைவது 4 மீட்டர். இந்த வித்தியாசத்தை எத்தனை அங்குலத் திரையாலும் ஈடுகட்ட முடியாது. திரை பெரிதானால் அதே பொய்யைப் பெரிதாகக் காட்டும்.

ஆகவே காசை டிரான்ஸ்டியூசரில் போடுங்கள். 50, 200 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள 50/200 வேண்டும், அல்லது அதே வரம்பில் சர்ப் செய்வது. சர்ப் என்றால் ஒரே அதிர்வெண்ணில் தட்டாமல் ஒரு வரம்பு முழுவதும் ஒலியை நகர்த்தி அனுப்புவது. இதன் லாபம், தரையை ஒட்டி நிற்கும் மீன் தரையோடு ஒட்டிப்போகாமல் தனிப் புள்ளியாகப் பிரிந்து தெரியும். மலிவுப் பெட்டிகளோடு வரும் 83/200 டிரான்ஸ்டியூசரின் 83 பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் பரவலாகப் பார்ப்பதற்கு. உங்கள் சரிவில் அதற்குப் பெரிய வேலை இல்லை. 7 அங்குலத் திரை போதும். வெயிலில் தெரிகிறதா என்று கடைக்கு வெளியே எடுத்துவந்து பாருங்கள், போலரைஸ்டு கண்ணாடி போடும் பழக்கம் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டே பாருங்கள். சில திரைகள் ஒரு கோணத்தில் கறுத்துப் போகும்.

கார்மினா, லோரன்ஸா, ஹம்மின்பேர்டா, ஃபுரூனோவா, எந்தக் கம்பெனி என்று அடுத்து கேட்பீர்கள். நான் இதை ஐந்தாவது கேள்வியாகத்தான் வைப்பேன். 1948இல் ஜப்பானில் மீன் காட்டும் கருவியை முதன்முதலில் வியாபாரத்துக்குக் கொண்டுவந்தவர்கள் என்ற பெருமை ஃபுரூனோவுக்கு உண்டு. அதற்காக இன்று மற்றவை சோடை என்று ஆகிவிடாது. உங்கள் ஊரில் எதற்குப் பழுதுபார்க்க ஆள் இருக்கிறதோ அதை வாங்குங்கள்.

டிசிபி மிதவையில் அமைப்பை மாற்ற வேண்டும். அங்கே அடிமட்டம் பல நூறு மீட்டர், சில இடத்தில் ஆயிரம், இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழே. கருவியை ஆட்டோவில் விட்டால் தரையைத் தேடி அலைந்து வாய்க்கு வந்த ஆழத்தையெல்லாம் காட்டும். ஆழ வரம்பைக் கையால் 0 முதல் 150 மீட்டர் என்று பூட்டிவிடுங்கள், 50 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். இங்கே அகலக் கற்றைதான் நல்லது, சரிவு என்ற தொல்லை இல்லை, மீன் தண்ணீரின் நடுவில் நிற்கிறது. மஞ்சள் துடுப்புச் சூரை வந்தால் நன்றாகத் தெரியும், அதற்குக் காற்றுப்பை உண்டு. எதிரொலியில் பெரும்பங்கு அந்தப் பையில் பட்டுத்தான் திரும்புகிறது. நீங்கள் போனித் என்று சொல்லும் வரிச்சூரைக்குக் காற்றுப்பை கிடையாது. கூட்டமாக வந்தாலும் மங்கலாகத்தான் விழும். திரையில் ஒன்றுமில்லை என்று போனித் கூட்டத்தை விட்டுவிட்டு வராதீர்கள், அங்கே பறவையைப் பாருங்கள்.

படிப்பது பற்றி இரண்டு வார்த்தை. மீன் பொம்மை காட்டும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள்; குமிழிக்கும் கயிற்றுக்கும் கூட பொம்மை போடும். வில் வடிவம் வந்தால்தான் மீன் என்பதும் சரியில்லை. படகு நகரும்போது மீன் கூம்பின் ஓரத்தில் நுழைந்து நடுவுக்கு வந்து வெளியேறுவதால்தான் வில் விழுகிறது. நங்கூரம் போட்டு நின்றால் அதே மீன் நீளக் கோடாகத் தெரியும். வர்த்தகக் காற்று அடிக்கும் உங்கள் கரையில் அலையில் படகு ஏறி இறங்குவதால் சமதரைகூடப் பல்பல்லாகத் தெரியும், அதைப் பாறை என்று நினைத்துவிட வேண்டாம். தரைக்குக் கீழே இரட்டிப்பு ஆழத்தில் இன்னொரு தரை மங்கலாகத் தெரிந்தால் அடியில் கெட்டிப்பாறை. மணலில் அது சட்டென்று மங்கிவிடும். உங்களுக்கு வேண்டியது கெட்டித் தரையும் மணலும் சேரும் எல்லை.

பொருத்துவதில்தான் பாதிக் கருவிகள் வீணாகின்றன. ஒலிக்குக் காற்று எமன். டிரான்ஸ்டியூசரின் முகத்துக்குக் கீழே குமிழி ஓடினால் எவ்வளவு விலை கொடுத்தாலும் படம் சிதறும். பின்பலகையில், புரொப்பெல்லரின் பிளேடு கீழிறங்கும் பக்கத்தில் வையுங்கள், பெரும்பாலான ஒற்றை அவுட்போர்டுகளில் அது வலப்பக்கம். புரொப்பெல்லரின் வட்டத்தை விட்டு நன்றாக விலக்கி, அடிப்பகுதியில் ஓடும் வரி, திருகு, தண்ணீர் உறிஞ்சும் துளை எதற்கும் நேர் பின்னால் வராமல் பாருங்கள். உள்ளேயிருந்து ஃபைபர் வழியாக ஒலி அனுப்பும் முறையும் உண்டு. ஃபைபர் கெட்டியாக இருந்தால் வேலை செய்யும். நடுவில் நுரையோ மரமோ வைத்துக் கட்டிய உடம்பாக இருந்தால் ஒலி அங்கேயே செத்துவிடும், ஆகவே பிரோக் கட்டியவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எப்படியானாலும் முதல் தடவை ஒட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டுத் துளை போடுங்கள்.

பேட்டரியை எஞ்சினோடு பங்கு போட வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் இறங்கிக் கருவி அணைந்து எழும். 7 அங்குலக் கருவி ஏறத்தாழ 1 ஆம்பியர் இழுக்கும், 12 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று ஒரு நாளைக்குத் தாங்கும். லெட் ஆசிட் என்றால் பாதிதான் கணக்கு. ஃபியூஸ் இல்லாமல் வயர் இழுக்காதீர்கள். திரையைக் கரையேறியதும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், புயல் மாதங்களில் இதில் சோம்பல் கூடாது. டிரான்ஸ்டியூசரின் முகத்தில் பாசியும் சிப்பியும் ஏறாமல் நன்னீரும் மென்துணியும் போதும், சுரண்ட வேண்டாம்.

மேற்கே தமரின் பக்கம் ஓங்கில் கூட்டத்தருகே போனால் கருவியை அணைத்துவிடுவது மரியாதை. 50 கிலோஹெர்ட்ஸ் அவற்றின் காதுக்கு நன்றாகவே கேட்கும்.

ஜிபிஎஸ் உள்ளதாகவே வாங்குங்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பாறையில் படகு போய்வரும் வாசலை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பதிந்து வைத்தால், மழை மூடிய நாளில் அது ஒன்றே கருவிக்குக் கொடுத்த காசைத் திருப்பித் தரும். அதைவிடப் பெரிய சொத்து அப்பாவிடம் இருக்கிறது. சிங்க மலையை எதோடு நேராக வைத்தால் எந்த மேட்டின் மேல் நிற்கலாம் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு இடத்துக்கும் அவரைக் கூட்டிப்போய், அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் பொத்தானை அமுக்குங்கள். அப்புறம் சரிவை 200இல் குறுக்கும் நெடுக்குமாகப் பார்த்து, மேட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்று அவருக்குக் காட்டுங்கள். தண்டச் செலவு என்ற பேச்சு அநேகமாக அங்கேயே நின்றுவிடும்.

கடைக்குப் போகும்போது இதைக் கேளுங்கள்: இதே கருவியின் 7 அங்குல மாடலை, கூட வரும் டிரான்ஸ்டியூசர் இல்லாமல் தருவீர்களா, விலையில் எவ்வளவு குறையும்? குறைத்தால் 50/200 டிரான்ஸ்டியூசரைத் தனியாக வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் இரண்டின் பிளக்கும் ஒத்துப்போகிறதா, அந்த டிரான்ஸ்டியூசரைக் கருவியின் பட்டியலில் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள்.