வளைகாப்பும் கப்பல் பதிவும்

அன்புள்ள அக்கா,

என் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் மூன்று முறை ஐவிஎஃப் (சோதனைக் குழாய்) சிகிச்சை செய்தும் கரு நிற்கவில்லை. வேறொரு தம்பதியின் சிகிச்சையில் மீந்த கருவைத் தானமாகப் பெறலாம் என்கிறார் டாக்டர். அம்மா, "யார் வீட்டு ரத்தமோ!" என்கிறார். சரி, தத்து எடுக்கட்டும் என்றால் அதற்கும் மாட்டேன் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, பீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா தத்துக்கு இறங்கி வரமாட்டார். இதற்கு வருவார், பாருங்கள். இதில் வயிறு தெரியுமே! வளைகாப்பு போடலாம், சாட்ஸ்வொர்த் அத்தைகள் வந்து வளையல் அடுக்குவார்கள், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ரத்தத்தைவிட ஊர் வாய்க்குத்தான் நம்மவர்கள் பயப்படுவது. எனக்கு உறுத்துவதும் இந்த மறைக்கிற வசதிதான்.

ரத்தம் என்கிறாரே, என் அலமாரியில் கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவு நகல் இருக்கிறது. எண், வயது, அப்பா பெயர், சாதி, உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் உண்டு. ஊர்ப்பெயர் மட்டும் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி. எந்த ஊரென்று இன்றுவரை பிடிபடவில்லை. 1860 முதல் 1911 வரை இப்படி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே நேட்டாலில் வந்திறங்கியவர்கள் 1,52,184 பேர். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நானும் ஒரு காலத்தில் குலம் கோத்திரம் பேசியவள்தான்.

சட்டம் உங்கள் பக்கம். 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, கணவனும் மனைவியும் சம்மதித்துச் செய்துகொள்ளும் சிகிச்சையில் பிறக்கும் பிள்ளை அவர்களுடையதுதான். ஆனால் தம்பி மனைவியே சுமக்க வேண்டும். வாடகைத்தாய் என்றால் தம்பதியில் ஒருவருடைய விந்தணுவோ கருமுட்டையோ அதில் இருந்தாக வேண்டும். கருமுட்டை தரவும் முடியாமல், சுமக்கவும் முடியாமல் வழக்குப் போட்ட ஒரு பெண்மணிக்கு 2016இல் அரசியல் சாசன நீதிமன்றமும் கையை விரித்துவிட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அதே சட்டத்தில், கரு தந்தவர்களின் மருத்துவ விவரங்களைப் பிள்ளைக்காகக் கேட்டுப் பெறலாம் என்று இருக்கிறது. மற்ற விவரங்கள் 18 வயதுக்குப் பிறகு; யாரென்று மட்டும் சொல்லமாட்டார்கள். ஆனால் கேட்பதற்கு, இப்படியொரு சங்கதி இருப்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பையன் இப்படிப் பிறந்தவன். பத்து வயதில் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. அவன் அம்மாவின் பேனா அங்கேயே நின்றது. பையன் எட்டிப் பார்த்து, "பாட்டிக்கு இருக்கே, போடும்மா" என்றான். அவள் என் முகத்தைப் பார்க்காமல் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

தம்பியும் அவன் மனைவியும் பிள்ளையிடம் எதை, எந்த வயதில் சொல்வது என்று பேசியிருக்கிறார்களா? இல்லையென்றால் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்பே பேசச் சொல்லுங்கள். அம்மாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா