பழைய கிராமபோன் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடகி தன் பெயரைச் சொல்வது ஏன்?

பெருமைக்காகச் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆலைக்காரர்களுக்கான அடையாளம். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பாட்டுகளைப் பதிந்தபோது, இந்தியாவில் தட்டு அச்சிடும் ஆலையே கிடையாது. பதிந்த மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போயின. மொழி தெரியாத அந்த ஊரில் யார் பாட்டுக்கு எந்த லேபிள் என்று குழம்பக்கூடாதே! அதற்காகத்தான் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான் பாடி முடித்ததும் ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்’ என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். கல்கத்தா சியால்டாவில் ஆலை வந்தது 1908இல்தான்.

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்ததே மூன்று நிமிடம் சொச்சம். பெயர் சொல்லும் நேரமும் அதற்குள்தான். ஆலாபனை, நிரவல் எல்லாம் சுருங்கின, ஓட்டமாகப் பாடினார்கள். அந்தத் தட்டை மட்டும் கேட்டுவிட்டு ‘அந்தக் காலத்தில் இப்படித்தான் வேகமாகப் பாடினார்கள்’ என்று முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

1925 வாக்கில் மின்சாரப் பதிவு வரும்வரை மைக் இல்லை. தகரப் புனலுக்குள் பாட வேண்டும். புனலின் குறுகிய முனையில் மெல்லிய சவ்வுத் தகடு, அதில் ஊசி. குரலின் அதிர்வு அப்படியே சுழலும் மெழுகில் கோடாக வெட்டுப்படும். மெழுகு குளிர்ந்து இறுகியிருந்தால் ஊசி கரகரக்கும். அதனால் முன்கூட்டியே இளஞ்சூட்டில் வைத்திருப்பார்கள். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தலையைப் பின்னால் இழுக்காவிட்டால் ஊசி துள்ளிப் பக்கத்துக் கோட்டில் ஏறிவிடும், அந்த மெழுகு வீண். தாளவாத்தியக்காரரைத் தள்ளி உட்கார வைத்ததும் இதனால்தான். தம்புராவின் மெல்லிய நாதம் புனலில் ஏறவே ஏறாது, ஆர்மோனியம் ஏறும். பதிந்ததை உடனே போட்டுப் பார்க்கவும் முடியாது, மெழுகில் ஒருமுறை ஊசி ஓடினாலே கோடு கெட்டுவிடும்.

மெழுகின் மேல் கிராஃபைட் பூசி, செம்பு முலாம் ஏற்றி உரித்தால் எதிர்அச்சு கிடைக்கும். அதிலிருந்து எடுத்த அச்சுகளால், அரக்கோடு கல்தூளும் கரிப்புகையும் கலந்த சூடான கலவையை அழுத்தினால் தட்டு தயார். கல்தூள் எஃகு ஊசியைத் தேய்த்துக் கோட்டுக்குப் பொருத்தமாக்கும். அதனால்தான் பக்கத்துக்கு ஒரு புது ஊசி.

இந்தத் தட்டு உங்கள் வீட்டில் இருந்தால் ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். பிற்கால எல்பி தட்டுக்கான ஊசியும் ஆகாது. முனை 75 மைக்ரான் அளவுள்ள ஊசி வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று என்ற கணக்கும் பிற்பாடு நிலைத்ததுதான். 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். குரல் கீச்சென்றும் கமகம் நடுங்கினாற்போலவும் கேட்டால், முதலில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.