படையும் இல்லை, போலீசும் இல்லை: முதலாம் எலிசபெத் 44 ஆண்டுகள் ஆண்டது எப்படி?

கேள்வி: போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு உலக வரலாறு நடத்துகிறேன். டியூடர் வம்சத்து முதலாம் எலிசபெத்துக்கு நிரந்தரப் படை கிடையாது, காவல்துறை கிடையாது, கணவரும் வாரிசும் கிடையாது. அப்புறம் எப்படி நாட்டைக் கைக்குள் வைத்திருந்தார் என்று ஒரு மாணவி கேட்டார். "வால்சிங்கமின் ஒற்றர்கள்" என்று சொல்லிச் சமாளித்தேன். அது போதுமா? அடுத்த வாரிசு யாரென்று ஏன் அவர் அறிவிக்கவே இல்லை என்பதையும் எப்படி விளக்குவது?

பதில்: ஒற்றர்களைச் சொன்னது தப்பில்லை. ஆனால் மொத்தக் கதையில் அது சின்னப் பங்குதான். 1573இல் அரசியின் செயலரான பிரான்சிஸ் வால்சிங்கம் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. எலிசபெத்தின் உறவினரும் அரியணைக்கு உரிமை கொண்டாடியவருமான ஸ்காட்லாந்து அரசி மேரி சார்ட்லியில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது, பீர் பீப்பாய்க்குள் ஒளித்துவைத்துப் போய்வந்த கடிதங்களைப் படித்து, எலிசபெத்தைக் கொல்லத் திட்டமிட்ட பாபிங்டன் சதியை 1586இல் அம்பலமாக்கியவர் அவர். ஆனால் ஒற்று வேலைக்குச் சொந்தக் காசையும் போட்டார்; 1590இல் கடனாளியாகத்தான் செத்தார். 'உளவுத்துறை' என்று நாம் கற்பனை செய்கிற பெரிய அலுவலகம் எதுவும் அங்கே இல்லை. அதோடு, சதியைக் கண்டுபிடிக்க ஒற்றன் போதும். ஊரில் திருடனைப் பிடிக்கவும் பாலத்தைப் பழுதுபார்க்கவும் வேறு ஆள் வேண்டும்.

அந்த வேறு ஆள்தான் அமைதி நீதிபதி. இலங்கையில் இன்றும் சமாதான நீதவான் என்று இருக்கும் பதவியின் மூலம் இது. உங்கள் மாணவிக்கு முதலில் இவரைக் காட்டுங்கள். ஒவ்வொரு கவுண்டியிலும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நிலபுலன் உள்ள கனவான்களில் பல டஜன் பேர் இந்தப் பதவியில் இருந்தார்கள். வழக்கு விசாரணை, கள்ளுக்கடை மாதிரியான மதுக்கடைகளுக்கு உரிமம், கூலி நிர்ணயம், சாலை, பாலம், நாடோடிகளைப் பிடிப்பது, ஏழைகளுக்கு உதவி என்று எல்லாம் இவர்கள் தலையில். சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அப்படியும் அந்தப் பதவிக்கு அடிதடி. காரணம் கௌரவம். பட்டியலில் பெயர் இருந்தால் ஊரில் மரியாதை. யார் பெயர் யார் பெயருக்கு மேலே வருகிறது என்பதற்குக்கூடச் சண்டை. பட்டியலை வெளியிடுவது அரசியின் பெயரால். அடுத்த பட்டியலில் உங்கள் பெயர் காணாமல் போனால், பக்கத்து எஸ்டேட்காரர் முன்னால் தலைகாட்ட முடியாது. காசு செலவில்லாத தண்டனை.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருந்த மூளை வில்லியம் செசில், பிற்காலத்து பர்லி பிரபு. 1558இல் அரசி பட்டத்துக்கு வந்த வாரத்திலிருந்து, 1598இல் தான் சாகும்வரை, 40 ஆண்டுகள் கூடவே இருந்தார். கிறிஸ்டபர் சாக்ஸ்டன் இங்கிலாந்தின் கவுண்டிகளை அளந்து வரைபடமாக்கியபோது, அச்சாகி வந்த தாள்களைத் தனக்கென்று வாங்கி, ஓரங்களில் அந்தந்தக் கவுண்டியின் முக்கியப் புள்ளிகளின் பெயர்களைத் தன் கையாலேயே குறித்துவைத்தார். அவரிடம் இருந்த லங்காஷயர் வரைபடம் ஒன்றில் சில வீடுகளுக்குப் பக்கத்தில் சிலுவைக் குறி இருக்கிறது: அரசியின் புராட்டஸ்டண்ட் சர்ச்சை ஏற்காததால் சந்தேகத்துக்கு ஆளான கத்தோலிக்கர் வீடுகள். வகுப்பில் ஒரே ஒரு படம் காட்ட முடியுமென்றால் நான் அதைத்தான் காட்டுவேன்.

ஆண்டுக்கு இரண்டு முறை லண்டனிலிருந்து நீதிபதிகள் சுற்றுக்குக் கிளம்புவார்கள். கிளம்பும் முன் அரசின் விருப்பம் என்ன என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். திரும்பி வரும்போது, எந்த அமைதி நீதிபதி ஒழுங்காக வேலை பார்க்கிறார், யார் தூங்குகிறார் என்ற தகவலும் வரும். ஞாயிறுதோறும் சர்ச்சுக்கு வராதவருக்கு 12 பென்ஸ் அபராதம். 1581இல் அதை மாதம் 20 பவுண்டாக ஏற்றினார்கள். மேடையில் என்ன பிரசங்கம் படிக்க வேண்டும் என்பதும் மேலிருந்தே வரும். 1569இல் வடக்கில் கலகம் வெடித்து அடங்கியபின், அரசுக்குக் கீழ்ப்படியாமை எவ்வளவு பெரிய பாவம் என்று ஒரு நீண்ட பிரசங்கமே அச்சடித்து ஊர் ஊராகப் படிக்கவைத்தார்கள்.

அந்தக் கலகத்தை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். அரசியை எல்லோரும் நேசித்தார்கள் என்று பாடப்புத்தகம் எழுதும். கலகம் அடங்கிய பிறகு நூற்றுக்கணக்கான சாதாரண மக்களைத் தூக்கில் போட்டார்கள். அயர்லாந்தில் நடந்தது அதைவிடக் கொடூரம். இனிமையாகப் பேசும் ஆட்சிதான், ஆனால் கயிறும் கையிலேயே இருந்தது.

சரி, பெரிய மனிதர்களை எப்படி அடக்கினார்? கொடுத்துக் கெடுக்காமல். பிரபுப் பட்டங்களை அவ்வளவு சிக்கனமாகக் கொடுத்தார். 1572இல் நார்ஃபோக் பிரபுவின் தலை விழுந்தபின் இங்கிலாந்தில் டியூக் (பிரபுப் பட்டங்களில் உச்சம்) என்று ஒருவர்கூட இல்லை. தனக்கு முன் ஆண்ட அக்கா மேரி டியூடர் காலத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்த பிரிவி கவுன்சிலை, அதாவது அரசியின் ஆலோசனைக் குழுவை, சுமார் 20 ஆகச் சுருக்கினார். பதவி, நிலக் குத்தகை, வியாபாரத் தனியுரிமை எல்லாம் அரசியின் கையெழுத்தில் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600 டிசம்பர் 31இல் தந்த 15 ஆண்டுச் சாசனமும் இந்தத் தனியுரிமை வகைதான். அந்தக் கம்பெனிதான் 1639இல் மதராசில் இடம் பிடித்தது.

இந்தப் பிடி எவ்வளவு வலுவானது என்பதற்கு எசெக்ஸ் பிரபுவே சாட்சி. இறக்குமதியாகும் இனிப்பு ஒயினுக்கான சுங்கக் குத்தகைதான் அவர் பிழைப்பு. 1600இல் அது முடிந்தது, அரசி புதுப்பிக்கவில்லை. கடன்காரர்கள் கழுத்தைப் பிடிக்க, 1601 பிப்ரவரி 8 அன்று சுமார் 300 ஆட்களோடு லண்டன் தெருவில் இறங்கினார். ஊர் வேடிக்கை பார்த்தது. யாரும் கூட வரவில்லை. அந்த மாதமே தலை போயிற்று. அதே ஆண்டு நாடாளுமன்றம் தனியுரிமைகளை எதிர்த்துக் கொதித்தபோது, அரசி நேர்மாறாக நடந்துகொண்டார்: சண்டை போடாமல் பலவற்றை ரத்து செய்து, நவம்பர் 30 அன்று உறுப்பினர்களை அழைத்து உருக்கமாகப் பேசி, தோல்வியையே வெற்றியாக்கிக்கொண்டார். மொத்த ஆட்சியிலும் நாடாளுமன்றம் கூடியிருந்தது மூன்று ஆண்டுக்கும் குறைவுதான் என்பதையும் சொல்லிவையுங்கள்.

இன்னொரு ஆயுதம், ஆறப்போடுவது. பாபிங்டன் சதியில் சிக்கிய ஸ்காட்லாந்து மேரிக்கு மரண தண்டனை உறுதியானபின்னும் கையெழுத்துப் போடாமல் வாரக்கணக்கில் இழுத்தார். 1587 பிப்ரவரி 1 அன்று போட்டார். கூடவே, மேரியைக் காவலில் வைத்திருந்த பாலெட் சத்தமில்லாமல் முடித்துவிடக் கூடாதா என்று செயலர் டேவிசன் மூலம் கேட்டனுப்பினார். பாலெட் மறுத்துவிட்டார். அரசியிடம் சொல்லாமலே கவுன்சில் ஆணையை அனுப்பியது. 8ஆம் தேதி தண்டனை நிறைவேறியது. உடனே அரசி ஆத்திரத்தில் குதித்து, டேவிசனைக் கோபுரச் சிறையில் அடைத்து, 10,000 மார்க் அபராதம் போட்டார். பாம்பும் செத்தது, பழியும் வேறொருவர் தலையில் விழுந்தது. கோபம் முழுக்க நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மிகவும் வசதியான கோபம்.

வாரிசு விஷயமும் இதே ஆறப்போடல்தான், ஆனால் அதற்குச் சொந்த அனுபவம் இருந்தது. 1558இல் அக்கா மேரி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, பிரபுக்களும் அதிகாரிகளும் ஹாட்ஃபீல்டில் இருந்த எலிசபெத்தைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். உயிரோடிருக்கும் அரசியை விட்டுவிட்டு அடுத்தவர் வாசலுக்குக் கூட்டம் எப்படி ஓடும் என்பதை அவரே அந்த வாசலில் நின்று பார்த்தவர். 1563இலும் 1566இலும் நாடாளுமன்றம் திருமணம், வாரிசு என்று நெருக்கியபோது, மறுக்கவும் இல்லை, பிடி கொடுக்கவும் இல்லை. அந்நிய இளவரசர்களோடு கல்யாணப் பேச்சு இருபது ஆண்டுகள் ஓடியது. ஓடிய வரை அது வெளியுறவுக் கொள்கையாகவும் பயன்பட்டது.

இதில் ஆபத்து இருந்தது, சூதாட்டம் என்றே சொல்லலாம். 1562இல் பெரியம்மை கண்டு சாகக் கிடந்தாரே, அப்போது போயிருந்தால் உள்நாட்டுப் போர்தான். கடைசியில் ஓட்டையை அடைத்தது பர்லியின் மகன் ராபர்ட் செசில். 1601 முதல் அரசிக்குத் தெரியாமல் ஸ்காட்லாந்து மேரியின் மகனும் அந்நாட்டு மன்னருமான ஆறாம் ஜேம்சோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். 1603 மார்ச் 24 அதிகாலையில் ரிச்மண்டில் எலிசபெத் இறந்தார். அன்று காலையிலேயே லண்டனில் ஜேம்ஸ் மன்னர் என்று செசில் அறிவித்துவிட்டார். எதிர்த்து ஒரு வாள்கூட உருவப்படவில்லை.