வாசகர் கேள்விகள்: தங்கத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எங்கள் தோட்டத்தை ஒட்டிய ஓடையில் மஞ்சள் பொட்டு வைத்த வெள்ளைக்கல் ஒன்று கிடைத்தது. நகைக்கடைக்காரர் தங்கம்தான் என்கிறார். கார்பன் சோதனையில் இதன் வயதைச் சொல்ல முடியுமா?
– வாசகர், ரவுப்

முடியாது. கார்பன் சோதனை மரம், எலும்பு, கரித்துண்டு போன்ற உயிர்ப்பொருள்களுக்கு மட்டுமே. கார்பன்-14 ஒவ்வொரு 5,730 ஆண்டுக்கும் பாதியாகக் குறையும். சுமார் 50,000 ஆண்டு தாண்டிவிட்டால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. மலேசியாவில் நம் ரவுப் வட்டாரத்துப் பாறைகளின் வயதோ கோடிக்கணக்கில்.

தங்கத்தையே சோதிக்கலாமே என்றால், இயற்கையில் இருப்பது தங்கம்-197 மட்டும். அது சிதைவதில்லை. வெள்ளியின் 107, 109 இரண்டும் அப்படித்தான். சிதையாத பொருளில் கடிகாரம் கிடையாது. தங்கம் பூமிக்கடியில் பாறை வெடிப்புகளில் ஓடிய வெந்நீரிலிருந்து படிந்தது. அதனால் அதே வெந்நீரிலிருந்து அதே வேளையில் படிந்த வேறொரு கனிமத்தைத் தேடிப் பிடித்து, அதன் வயதைக் கணக்கிடுகிறார்கள். கூடப் பிறந்ததா, முன்பே அங்கே இருந்ததா, பின்னால் வந்து ஒட்டியதா என்பதை உறுதி செய்வதில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது. தவறான வயதுகளில் பெரும்பாலானவை கருவியால் வருவதில்லை, இங்கே கோட்டை விடுவதால் வருகின்றன.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் உங்கள் கல்லைப் பாருங்கள். வெள்ளைக் குவார்ட்ஸும் கறுப்புக் களிப்பாறையும் சேரும் விளிம்பில் பட்டுப்போல் மின்னும் மெல்லிய செதில் தெரிந்தால் அது செரிசைட், அதாவது பொடி மைக்கா. அதில் பொட்டாசியம் உண்டு; அதில் ஒரு சிறு பங்கு மெல்லச் சிதைந்து ஆர்கான் வாயு ஆவதால் வயது பார்க்கலாம். வெறும் குவார்ட்ஸும் தங்கமும் மட்டும் என்றால் அந்தக் கல்லை வைத்து அதிகம் சொல்ல இயலாது. மேலும், ஓடைக்கல் தன் இடத்தை விட்டு உருண்டு வந்தது. எந்தப் பாறையை வெட்டிச் சென்ற நரம்பின் (வெடிப்பை நிரப்பிய குவார்ட்ஸ் பட்டையின்) துண்டு என்பது தெரியாமல் போய்விடும்.

ரவுப் பக்கத்துக் கிரானைட் மலைகளின் வயது தெரியும் என்கிறார்களே, அதுவே தங்கத்தின் வயது ஆகாதா?
– வாசகர், பெந்தோங்

ஆகாது. பலரும் இடறும் இடம் இது. மத்திய மலைத்தொடர்க் கிரானைட் ஏறக்குறைய 20 முதல் 23 கோடி ஆண்டு பழையது. அதை சிர்க்கான் என்ற மணல்போன்ற கனிமத்தில் கணக்கிடுகிறார்கள். யுரேனியம்-238 சிதைந்து ஈயம்-206 ஆகிறது. பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு. ஒரு மணியில் ஈயம்-206க்கும் மிஞ்சிய யுரேனியம்-238க்கும் உள்ள விகிதம் 0.0320 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒன்றைக் கூட்டினால் 1.0320; அதன் இயல் மடக்கை 0.0315. அதை ஆண்டுச் சிதைவு எண்ணான 1.551 × 10⁻¹⁰ஆல் வகுத்தால் 20.3 கோடி ஆண்டு.

இது கிரானைட் குழம்பு உறைந்த காலம். குவார்ட்ஸ் நரம்பு அந்தக் கிரானைட்டையே வெட்டிச் சென்றால் தங்கம் அதைவிட இளையது என்று சொல்லலாம், அவ்வளவுதான். மலை பக்கத்தில் இருக்கிறது என்பது உறவுக்குச் சான்று ஆகாது.

இறுதியாண்டு ஆய்வுக்கு செரிசைட்டில் ஆர்கான் முறையில் வயது பார்க்க நினைக்கிறேன். எங்கே கவனமாக இருக்க வேண்டும்?
– மாணவி, கோலா லிப்பிஸ்

முதலில் மாதிரி. நம் ஊர் மழையில் மேற்பாறை செம்மண்ணாக இளகியிருக்கும். அதில் பொட்டாசியமும் ஆர்கானும் கழுவிப் போயிருக்கும். சுரங்கச் சுவரிலோ துளையிட்டு எடுத்த உருளைக் கல்லிலோ நீலச்சாம்பல் நிறம் மாறாத துண்டாக ஒரு கிலோ எடுங்கள். பாதியை உடைக்காமல் வையுங்கள். அதில் மெல்லிய சீவல் செய்து, செரிசைட்டும் தங்கமும் ஒன்றையொன்று தொட்டு வளர்ந்திருப்பதை நுண்ணோக்கியில் படமெடுத்த பிறகே மறுபாதியை இடியுங்கள்.

சலித்துக் கழுவி, செதில்களை ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். 10–20 மில்லிகிராம் போதும். களிப்பாறையில் படிவுக்காலத்துப் பழைய மைக்காவும் இருக்கும். அது கலந்தால் வயது கூடிவிடும். அடுத்து, பொட்டாசியத்தின் அளவை அறிய, அணு உலையில் நியூட்ரான் பாய்ச்சி, பொட்டாசியம்-39இல் ஒரு பங்கை ஆர்கான்-39 ஆக்குவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்திலேயே வயது தெரிந்த கனிமம் ஒன்றும் போகும். கொலராடோவின் ஃபிஷ் கேன்யன் சானிடின், 2.82 கோடி ஆண்டு, வழக்கமான துணை. கதிர்வீச்சு தணியக் காத்திருங்கள், ஆனால் ஆண்டுக்கணக்கில் போட்டுவிடாதீர்கள்: கால்சியத்திலிருந்து வந்த ஆர்கானைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டிய ஆர்கான்-37, 35 நாளில் பாதியாகிவிடும்.

செதில்களைப் படிப்படியாகச் சூடேற்றி ஆர்கானை வெளியேற்றும்போது அடுத்தடுத்த மூன்று படிகளாவது ஒரே வயதைக் காட்டி, மொத்த ஆர்கான்-39இல் பாதிக்கு மேல் அவற்றில் அடங்க வேண்டும். ஒவ்வொரு படியின் வயதையும் காட்டும் வரைபடம் குறைந்த வயதில் தொடங்கி ஏறினால், பிற்காலச் சூட்டில் ஆர்கான் கசிந்திருக்கலாம். சுமார் 400 பாகை செல்சியஸுக்கு மேல் மைக்கா ஆர்கானைப் பிடித்து வைக்காது. மாவுபோல் பொடியான செதிலென்றால் ஆர்கான்-39 தெறித்து வெளியேறி வயது பொய்யாகக் கூடும்.

நரம்பில் மாலிப்டினைட், ஆர்சனோபைரைட் என்ற கந்தகக் கனிமங்களில் ஒன்று கிடைத்தால் ரீனியம்–ஆஸ்மியம் முறையையும் செய்யுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 20 கோடி ஆண்டில் ஆயிரம் ரீனியம்-187 அணுக்களில் மூன்று சொச்சம்தான் ஆஸ்மியமாகும் என்பதால் அழுக்கு சிறிதும் சேரக்கூடாது. இரும்பு உரல் வேண்டாம். பீங்கான் அல்லது அகேட் உரல்.

வெள்ளித் தாதுவுக்கு?
– வாசகர், ரவுப்

எரிமலைப் பகுதி வெள்ளி நரம்புகளில் அடுலேரியா என்ற பொட்டாசியக் கனிமம் வளரும். மேலே சொன்ன ஆர்கான் முறையே போதும். வெள்ளியோடு வரும் கலீனா என்ற ஈயத்தாதுவின் ஈயத்தைக் கொண்டு வயது சொல்வதும் உண்டு. அது, பூமியில் ஈயம் காலப்போக்கில் மாறிய விதத்தை ஊகித்துப் போடும் கணக்கு. பல மூலங்களின் ஈயம் கலந்திருந்தால் கோடிக்கணக்கில் பிசகும், எதிர்காலத்து வயதுகூட வந்திருக்கிறது. ஈயம் எங்கிருந்து வந்தது என்று அறிய மட்டும் அதை நம்புங்கள்.

கோலார் தங்கமும் ரவுப் தங்கமும் ஒரே காலமா?
– வாசகர், பெந்தோங்

இல்லை. 2001இல் மூடப்பட்ட கோலாரில் தங்கம் இருக்கும் பாறைகள் சுமார் 270 கோடி ஆண்டு பழையவை. ரவுப் தங்க நரம்புகள் ஓடும் பாறைகள் பெர்மியன், ட்ரயாசிக் காலத்தவை. 30 கோடி ஆண்டைத் தாண்டாது. பப்புவா நியூ கினியின் லிஹிர் தீவுத் தங்கத்துக்கோ 10 லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை.